சித்தப்பா வீட்டுச் சுவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மழையோடு மல்லுக்கட்டிக்கொண்டு இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்பாவின் கண்ணுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை, நான் முகம் சுளிப்பதை அடுத்த அறையிலிருந்தே பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார். உன் முதுகுவலிக்குத் தைலம் பூசினால் போதாது, உட்காருகிற நாற்காலியை மாற்று என்று போன தடவையே சொன்னேன், மாற்றியிருக்க மாட்டாய். வாடகை வீட்டு ஜன்னலில் காலையில் தண்ணீர் வழிகிறது என்றாயே, ஈரத்துணியை அறைக்குள் காயப் போடாதே, அடுப்பு எரியும்போது சமையலறைக் காற்றாடியை ஓட விடு, உன் ஊரில் ஈரம் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் இனி எழுதப்போவதைப் போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு தொண்டையைச் செருமிச் செருமிப் பேச்சை மாற்றிவிடுவார். அதனால் தாளில் எழுதி நெட்டையிடம் கொடுக்கிறேன், அவன் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவான். நெட்டையை உனக்குத் தெரியும், நம் பட்டறையில் ஏணி இல்லாமலே கூரையைத் தொடுகிறவன், இப்போது என்னோடு இருப்பவன் அவன் ஒருவன்தான். உன் சித்தப்பாவை அவர் என்று எழுதவேண்டிய இடத்திலெல்லாம் அவன் என்றுதான் எழுதப்போகிறேன், மரியாதை எங்கே என்று கேட்காமல் படி.

நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதிதான். போன மழைக்கு முன்னால் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், அப்போது நானும் உன் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய பட்டறைக்குக் கடைத்தெரு ஜவுளிக்கடையில் வேலை நடந்துகொண்டிருந்தது. கடை முழுக்க ஏசி போடப்போகிறார்கள், வெளிச்சூடு உள்ளே வராமல் சுவருக்குக் கண்ணாடி இழைப் பஞ்சு வைத்து மூட வேண்டும். நான் எப்படிப் போடுவேன் என்று உனக்குத் தெரியும். செங்கல் சுவரை ஒட்டி முதலில் பிளாஸ்டிக் தாள், இணைப்பெல்லாம் டேப் ஒட்டி, அதன்மேல் பஞ்சு, கடைசியில் உள்பக்கம் பலகை. இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை, குப்பையில் போட்ட ஐஸ் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்க்கிறதே, சொம்பா ஒழுகுகிறது, வெளிக்காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த இடத்தைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது. ஏசி ஓடுகிற அறையும் அப்படி ஒரு சொம்புதான். இங்கே ஈரம் வெளியே இருந்து வருகிறது, அதை வெளிப்பக்கத்திலேயே மறித்துவிட வேண்டும். உன் ஊரில் சூடும் ஈரமும் உள்ளே, குளிர் வெளியே, அதனால் அங்கே தாள் உள்பக்கம். உன் வாடகை வீட்டின் சொந்தக்காரர் சுவரைப் பிரித்து வேலை செய்தபோது நீ ஒரு படம் அனுப்பினாயே, அறைப்பக்கம் பளபளவென்று தாள் போர்த்தி, அதில் உன் முகம் நிழலாடுகிற படம், அது உன் ஊருக்குச் சரி. அந்தப் படத்தைத்தான் உன் சித்தப்பா தன் போனில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில், நான் ஒட்டிய தாளை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, பஞ்சுக்கு உள்பக்கமாகத் தாளைப் போர்த்தி மூடிவிட்டான். நெட்டை தடுத்திருக்கிறான், அம்மா வந்தா திட்டுவாங்க என்று. அதற்கு இவன், நீ ஏணியப் பிடிச்சா போதும்டா, வெளிநாட்டுலயே இப்படித்தான் போடறாங்க, எங்க அண்ணன் பொண்ணு வீட்டப் பாரு, நம்ம அண்ணிக்கு இதெல்லாம் எங்க தெரியும் என்றிருக்கிறான். அந்தக் கையோடு தான் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கும் அதே மாதிரி போட்டுக்கொண்டான். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, படத்தைப் பார்த்துச் சட்டை தைக்கிறவனுக்கு அளவு எடுக்கத் தெரிய வேண்டும்.

மழை பிடித்ததும் ஜவுளிக்கடைச் சுவர் பொங்கியது. வெளியிலிருந்து வந்த ஈரமெல்லாம் குளிர்ந்த தாளில் முட்டித் தண்ணீராகிப் பஞ்சுக்குள் இறங்கிவிட்டது, பலகை உப்பியது, சேலை அடுக்குகளில் கறுப்புப் புள்ளி விழுந்தது. கடை முதலாளி எல்லோரையும் கூட்டி நிறுத்திக் கத்தியபோது உன் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு, அது எங்க அண்ணி போட்ட சுவர் சார், அவங்களுக்கு வயசாயிடுச்சு, கை முன்ன மாதிரி இல்ல, மனசு கஷ்டப்படுமேன்னு நானும் சொல்லாம விட்டுட்டேன் என்று சொன்னான். இரண்டு நாள் கழித்துச் செய்தி கேட்டு நான் ஓடிப் போவதற்குள் பிரித்த தாளும் பஞ்சும் லாரி ஏறிக் குப்பைமேட்டுக்குப் போய்விட்டன, புதுப் பலகை வைத்து மேலே வண்ணமும் பூசிவிட்டான். காட்ட என் கையில் ஒரு துண்டுகூட இல்லை. நான் போடல சார் என்றேன், முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், போங்கம்மா, போய் ஓய்வெடுங்க என்றார். அந்த ஒரு சொல்லை நான் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அதற்குப் பிறகு ரொட்டிக்கடைக்காரர் கூப்பிடவில்லை, பல் மருத்துவர் கூப்பிடவில்லை, பட்டறைப் பெயர்ப்பலகையில் உன் சித்தப்பா பெயர் மட்டும் ஏறியது. நான் கோழிப்பண்ணைக் கூரைக்கும் தையல்காரர் தகரக் கொட்டகைக்கும் தெர்மாகோல் வெட்டிக்கொண்டு வாயை மூடியிருந்தேன். அப்பா அப்போதும் சொன்னார், விட்டுடு, தம்பிதானே என்று. தம்பி அவருக்கு, பெயர் போனது எனக்கு.

நான் வாய் மூடியிருந்ததற்குக் காரணம் பெருந்தன்மை என்று உன் அப்பா நினைத்துக்கொண்டார். அவன் வீட்டுச் சுவர் அந்தக் கடைச்சுவரோடு கூடப் பிறந்தது, ஒரே கை, ஒரே தாள், என்றைக்காவது அதுவும் வாய் திறக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் அவர்களிடம் ஏசி இல்லாததால் தப்பித்தான், இந்தக் கோடையில் பெரியதாக ஒன்று வாங்கிப் படுக்கையறையில் மாட்டினான். மழை வந்தது, இரண்டு வாரத்துக்கு முன்னால் உன் சித்தியும் வந்தாள், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அழுதுகொண்டு. அக்கா, பையனுக்கு ராத்திரியானா இழுக்குது, டாக்டர் வீட்டுல எங்கயோ ஈரம் இருக்குன்னு சொல்றாரு, பீரோவை நகர்த்திப் பாத்தா பின்னாடி சுவரெல்லாம் கறுப்பு, இவரு வண்ணம் பூசிப் பூசி மறைச்சு வச்சிருக்காருக்கா என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான், அதுவும் பிள்ளை தூங்குகிற அறையில். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது, ஆனால் இருந்தது. பிள்ளை விஷயத்தில் மட்டும் நான் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை, அன்றைக்கே இருவரையும் துணிமணியோடு நம் வீட்டுக்கு வரச்சொல்லி உன் அறையைக் கொடுத்துவிட்டேன், அங்கே சுவர் என் கையால் போட்டது. இப்போது இழுப்பு இல்லாமல் தூங்குகிறான், உன் பழைய பொம்மையின் காதைப் பிய்த்துவிட்டான், கோபித்துக்கொள்ளாதே. அதன் பிறகு சித்தியிடம் சொன்னேன், சுவரைச் சரிசெய்ய வருகிறேன், ஆனால் அதை வெட்டித் திறக்கிற கை உன் புருஷன் கையாக இருக்க வேண்டும், பக்கத்தில் ஜவுளிக்கடை முதலாளி நிற்க வேண்டும் என்று. அப்பா, குழந்தைக்கு முடியாத நேரத்துலயா இதெல்லாம் என்றார். குழந்தை நம் வீட்டில் நன்றாக இருக்கிறது, முடியாமல் போகவேண்டியது வேறு ஆளுக்கு என்றேன். குடையைத் தேடிப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தியும் நெட்டையும் போனோம். முதலாளி வருவாரோ மாட்டாரோ என்று இருந்தேன், வந்துவிட்டார், ஏனென்றால் அவர் கடையில் வண்ணத்துக்கு மேல் மறுபடி கறுப்பு எட்டிப் பார்க்கிறதாம். உன் சித்தப்பா கத்தியை வைத்துக்கொண்டு, அண்ணி, இதுல ஒண்ணுமில்ல அண்ணி, சும்மா பீரோ மறைச்சதால காத்து படாத ஈரம் என்றான். வெட்டு தம்பி என்றேன். பலகையில் கத்தியை இறக்கி ஒரு சதுரம் வெட்டி இழுத்தான். பின்னால் பிளாஸ்டிக் தாள் பால் பையைப்போலத் தொங்கியது, அடியில் தண்ணீர் கட்டி நின்றது. அதையும் கிழி என்றேன். கிழித்ததும் தண்ணீர் அவன் கால்சட்டை நனைய ஊற்றியது, அதன் பின்னாலேயே பஞ்சு அழுக்குத் துணிமூட்டைபோலச் சரிந்தது, அந்த நாற்றத்தில் நெட்டைகூட ஜன்னல் பக்கம் போய்விட்டான். முதலாளி குனிந்து முகர்ந்து பார்த்தார். என் கடையிலயும் இதே நாத்தம்தான், இதே மாதிரி தாள் உள்பக்கம்தான் இருந்துச்சு, இந்த வீட்டுக்கு யார் போட்டது என்று கேட்டார். உன் சித்தப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதற்குள் சித்தி, இவரேதான் சார் போட்டாரு, போட்டோவைப் பாத்து எனக்குப் பெருமையா விளக்கம் எல்லாம் சொன்னாரு, அக்கா அப்ப ஆஸ்பத்திரியில இருந்தாங்க என்று போட்டு உடைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது, அதற்காக அவளுடைய பழைய பேச்சுக்களில் சிலவற்றை மறந்துவிடுவேன், எல்லாவற்றையும் இல்லை. முதலாளி அவனையே பார்த்தார், அப்போ என் கடைச்சுவர் என்றார். அது வந்து சார், அவசரத்துல நான்தான், அண்ணி போடல என்றான். அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னான். சுவருக்குத் தெரியும் தம்பி, இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு என்றேன். திரும்பிச் சொன்னான். எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறது, ஆனாலும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன், சொன்னான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும், இவன் குடிக்காததால் அவன் வீட்டுச் சுவர் குடித்திருக்கிறது. முதலாளி போகும்போது, நாளைக்கே கடைக்கு வாங்கம்மா, முழுக்கப் பிரிச்சுடலாம் என்றார். நான் இப்போது ஓய்வில் இருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போகத்தான் போகிறேன், ஆனால் அவர் இன்னும் இரண்டு தடவை வந்து கூப்பிடட்டும், அதையும் கடைத்தெருவில் நாலுபேர் கேட்கக் கூப்பிடட்டும்.

இனிதான் நான் உனக்கு எழுதிய காரணம். சித்தப்பா வீட்டுச் சுவரை நானும் நெட்டையும் செங்கல் தெரிய உரித்துவிட்டோம், பூஞ்சையைச் சுரண்டிக் கழுவித் துடைத்தாகிவிட்டது, மழை விட்ட ஒரு பகலில் வெளியே விரிசல்களை அடைத்து நீர்க்காப்பும் பூசியாகிவிட்டது. சுவர் காய்ந்ததும் தாளை அதன் இடத்தில் ஒட்டி, பஞ்சு வைத்து மூட வேண்டியதுதான். காய எவ்வளவு நாளாகும் அண்ணி என்று கேட்டான். உண்மை என்னவென்றால், கதவைச் சாத்தி அந்த ஏசியையும் ஒரு மின்விசிறியையும் ஓடவிட்டால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், ஏசியே ஈரத்தை இழுத்து வெளியே விட்டுவிடும். நான் மழை நிற்கிற வரைக்கும் ஆகும் என்றேன். அதுவரை ஏசியைத் தொடக்கூடாது என்றேன். மின்விசிறி நிற்காமல் ஓடுகிறதா என்று பார்க்க இரவில் அந்த அறையிலேயே ஒரு ஆள் படுக்க வேண்டும் என்றும் சொன்னேன், இருக்கிற ஆள் அவன் ஒருவன்தான். தினமும் காலையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு பையனைப் பார்க்க வருகிறான், கண் இரண்டும் சிவந்திருக்கிறது, அண்ணி இன்னும் எத்தனை நாள் என்கிறான். நான் வானத்தைக் காட்டுகிறேன். அவன் மூச்சுக்கு ஒரு கெடுதலும் வராது, வியர்வைக்குத்தான் பஞ்சமில்லை. இதே வானத்தின் கீழ் தகரக் கொட்டகையில் நான் ஒரு மழைக்காலம் முழுவதும் முட்டிபோட்டு வேலை செய்தேன், கை தடுமாறுகிற கிழவி என்ற பெயரோடு.

இரண்டு நாளாக அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நேற்று அப்பாவிடம், எதுக்கும் வெளிநாட்டுல நம்ம பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேண்ணா என்றானாம். நிச்சயம் கூப்பிடுவான். கேட்டால், அம்மா சொன்னதுதான் சரி சித்தப்பா, மழை நிற்கட்டும் என்று சொல். நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராத பிள்ளை, அது உன் அப்பா வழி. சொல்ல வாய் வராவிட்டால் அவன் போனை எடுக்காதே, அங்கே உனக்கு வேலை அதிகம்தானே. அப்பா இந்தத் தாளில் தானும் இரண்டு வரி எழுதுகிறேன் என்று பேனாவோடு வந்து நிற்கிறார், என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும், இடம் கொடுக்கவில்லை. அவர் ரகசியமாக உனக்குப் போன் செய்து மனசு இறங்கும்மா என்று சொல்வார், கேட்டுக்கொள், பதில் மட்டும் சொல்லாதே.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், உழைத்த உழைப்புக்கு உங்கள் பெயரே நிற்கும்படி நன்றாக வாழ வேண்டும். நாற்காலியை மாற்று. இங்கே இன்றைக்கும் நல்ல மழை, நிற்கிற மாதிரி தெரியவில்லை, எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

மனம் இறங்காத உன் அம்மா