ஐந்தாவது தாள்

குன்னூர்,
24 ஜூன் 2024

ஏனுங்க,

நலமாக இருப்பீர்கள். நானும் ப்ரியாவும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். போனில் உங்கள் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், பேச வந்த விஷயம் அப்படியே நிற்கும். இனிமேல் தபால்தான். உறையின் மேல் இருப்பது ப்ரியாவின் கையெழுத்து. கட்டிக்கொண்டவர் பெயரை நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. கோபம் வந்துவிட்டது என்பதற்காக அதை மாற்ற வேண்டாம் என்று பார்க்கிறேன்.

நம் ஊர் பாஸ்கெட்பால் கிளப்பை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் மில் அணிக்குக் கோச்சாகப் போனீர்கள். போனது போகட்டும். நம் பெண்கள் அணியில் நாலு பேரையும் கூடவே கூட்டிப் போனீர்களே. ஒரு கிளப்பை விட்டு இன்னொன்றில் ஆட வேண்டுமென்றால் பழைய கிளப் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தர வேண்டும். அதை நம் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எழுதினீர்கள். சீல் வைத்து ஐந்து தாள் எடுத்து வந்தீர்கள். ஐந்தாவது தனக்குத்தான் என்று நம் மகள் சமையல்கட்டுக் கதவோரம் நின்றிருந்தாள். நாலு எழுதிப் பேனாவை மூடினீர்கள். "இவ பந்தைக் கூடையில போடறதே இல்ல. இவளைக் கூட்டிட்டுப் போயி நான் என்ன பண்றது?" என்று என்னிடம் சொன்னீர்கள், அவள் காதில் விழும்படி. அந்த வெற்றுத் தாள் இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

என் வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன். அடுத்த மே மாதம் கோடைப் போட்டியில், நம் ஊர் கோர்ட்டில், நம் ஊர் ஜனத்துக்கு முன்னால் உங்கள் மில் அணி தோற்க வேண்டும். கிளப் செயலாளர் வேலையை யாரும் ஏற்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். மழை பிடித்துவிட்டது, இனி நாலு மாதம் ஆட்டம் கிடையாது. அதற்குள் கோப்பை வாங்குகிற அணி ஒன்றைக் கட்டப் போகிறேன். திட்டத்தை உங்களுக்கே எழுதுகிறேன். தெரிந்தே தோற்றுப் போங்கள்.

இப்படிக்கு,
சாந்தாமணி

பி.கு: உங்கள் ஸ்வெட்டரை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன்.


கோயம்புத்தூர்,
5 ஜூலை 2024

அன்புள்ள சாந்தா,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. இருபது வருடமாக ஃபிளாஸ்க்கும் குடையுமாகக் கோர்ட் படியில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. பந்தைத் தொட்டிருக்கிறாயா? தேயிலை புரோக்கர் ஆபீசில் ஏல கேட்டலாக் எழுதுவதும் அணி கட்டுவதும் ஒன்றா?

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அணிக்கு முதலில் உயரம் வேண்டும். அடுத்தது தூரத்திலிருந்து போடுகிற கை. இந்த இரண்டும் குன்னூரில் இனிமேல் கிடையாது, இருந்ததை நான் கொண்டுவந்துவிட்டேன்.

இங்கே குவார்ட்டர்ஸ் வசதியாக இருக்கிறது. மெஸ் சாப்பாடுதான் இறங்கவில்லை, உன் கொள்ளுப் பருப்பு ஞாபகம் வருகிறது. கோபம் தணிந்ததும் ஒரு நடை வந்துவிட்டுப் போ. ப்ரியாவைக் கேட்டதாகச் சொல். யாரையாவது பிடித்தாயானால் எழுது, ஆள் எப்படி என்று நான் சொல்கிறேன்.

உன்,
தரணிதரன்


குன்னூர்,
14 ஆகஸ்ட் 2024

ஏனுங்க,

கொள்ளுப் பருப்பு இங்கே நன்றாகவே வேகிறது. இரண்டு பேருக்கு மட்டும் வைப்பதால் சீக்கிரம் வெந்துவிடுகிறது.

உயரம் கிடையாது என்றீர்களே, கிடைத்துவிட்டது. பெயர் ஃபெபி. ஊர் பந்தலூர் பக்கம், சிலோனிலிருந்து வந்த குடும்பம், அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். எங்கள் ஆபீஸ் டிரைவர் தங்கவேலு சாம்பிள் தூள் எடுக்கப் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பஸ் பிடித்து நேரில் போனேன். லைன் வீட்டு வாசலில் குனிந்துதான் வெளியே வந்தாள். அவள் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பந்து வெளையாடினா புள்ளய காலேஜுல சேர்ப்பாங்களா?"

தூரத்துக் கை கூடலூர் ரேஷ்மா. நின்ற இடத்தில் பந்து கைக்கு வந்தால் போதும், கூடைக்குள் விழுகிறது. கம்பியில்கூடப் படுவதில்லை.

மூடிக்கிடக்கும் தேயிலை பாக்டரி ஒன்றின் மாடியை வாடகை இல்லாமல் கேட்டு வாங்கியிருக்கிறேன். இலை வாட்டுகிற தட்டுகளை ஓரம் கட்டிவிட்டுப் பலகைத் தரையில் பயிற்சி. தகரக் கூரையில் மழை அடித்தால் விசில் கேட்காது, கூப்பிட்டாலும் கேட்காது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே ஆடப் பழகிவிட்டார்கள். போன ஞாயிறு ஊட்டிப் பிள்ளைகளை வரவழைத்து ஒரு ஆட்டம் வைத்தோம். ஃபெபியும் ரேஷ்மாவும் போட்டது போக மற்றவர்களுக்கு வேலையே இல்லை. ஃபெபியை அடுத்த வருடம் மாநில அணியில் பார்க்கலாம். இப்படி ஒரு பிள்ளையை என் கண் இதுவரை பார்த்ததில்லை.

இவர்கள் இரண்டு பேரையும் வைத்துத்தான் உங்களை அடிக்கப் போகிறோம். தூக்கம் வருகிறதா?

இப்படிக்கு,
சாந்தாமணி


கோயம்புத்தூர்,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள சாந்தா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ஃபெபியையும் ரேஷ்மாவையும் போய்ப் பார்த்தேன். எங்கள் மில்லோடு சேர்ந்த கல்லூரியில் இரண்டு பேருக்கும் சீட், ஹாஸ்டல், சாப்பாடு, மூன்று வருடத்துக்கும் எல்லாம் இலவசம். எழுத்திலேயே கொடுத்துவிட்டோம், ஆடினாலும் ஆடாவிட்டாலும் படிப்பு உண்டு. ஃபெபியின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளாதே, தொழில் இப்படித்தான். நீயே அவர்களைப் பற்றி எனக்கு எழுதிவிட்டு என்னைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி அனுப்பு. அடம் பிடித்துப் பிள்ளைகள் படிப்பைக் கெடுக்காதே.

ப்ரியாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
தரணிதரன்


குன்னூர்,
9 செப்டம்பர் 2024

ஏனுங்க,

கேட்ட இரண்டு தாளும் இத்துடன் இருக்கிறது. கையெழுத்தும் சீலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் கிளம்புவதற்கு முன்னால் ஆபீசுக்கு வந்து அழுதார்கள். "போய் நல்லாப் படிங்க சாமி, பந்து எங்கிருந்தாலும் ஆடிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். ஹாஸ்டலில் ஃபெபிக்குக் கட்டில் நீளம் போதாது. பார்த்துச் செய்யுங்கள், கோபம் நம் இரண்டு பேருக்குள்தான்.

திட்டம் இனிமேல் எழுதமாட்டேன். மே மாதம் பார்ப்போம்.

சாந்தாமணி


கோயம்புத்தூர்,
21 மே 2025

அன்புள்ள சாந்தா,

ஃபைனல் முடிந்து மூன்று நாளாகியும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கைதட்டலுக்கு நடுவே நீ படியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் குடித்தாயே, அது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஆறு அடி ஃபெபி கூடைக்கடியில் விளக்குக் கம்பம்போல நின்றாள். ரேஷ்மா கைக்குப் பந்து வரவேயில்லை, வந்தபோது பிந்தி வந்தது. பழைய நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்? கேத்திப் பக்கத்து மெட்டில்டா, இன்னும் பெயர் தெரியாத மூன்று சின்னப் பெண்கள். அவர்களையெல்லாம் நானாக இருந்தால் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கக்கூட வைத்திருக்க மாட்டேன். ஆனால் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜனம் போட்ட கூச்சலில் என் விசில் எனக்கே கேட்கவில்லை, உன் பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவேயில்லை.

கடைசியில் டைம் அவுட் கேட்டு ஃபெபியைத் திட்டினேன். "ஏன் இப்படி நிக்கற?" என்றேன். அந்தப் பெண் அமைதியாகச் சொன்னாள், "நா எப்பவும் இப்பிடித்தான் நிப்பேன் சார். ப்ரியா அக்கா நா நிக்கற எடத்துக்கே பந்து குடுத்துருவாங்க."

அப்போதுதான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். நம் மகள் பந்தைக் கூடையில் போடவில்லை சாந்தா. இரண்டே தடவைதான் போட்டாள். மற்றதெல்லாம் அவள் கொடுத்துத்தான் விழுந்தது. யார் எங்கே வந்து நிற்பார்கள் என்று அவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிகிறது.

நடந்ததை விட்டுவிடு. மில்லில் பேசிவிட்டேன். அவளுக்கும் சீட் தருகிறார்கள், எனக்கும் பெரிய வீடு மாற்றித் தருகிறார்கள். நீயும் வந்துவிடு. மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம். அவள் இருந்தால் அடுத்த வருடம் கோப்பை நமக்குத்தான். ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள் மட்டும் எழுதி அனுப்பு.

உன்,
தரணிதரன்


குன்னூர்,
29 மே 2025

ஏனுங்க,

என் திட்டத்தில் நான் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

ஆபீசில் கேட்டலாக் எழுதுகிறவள் நான். எந்தத் தூள் கைமாற வேண்டுமோ அதற்கு வார்த்தை கூட்டி எழுதுவேன், எதை வைத்துக்கொள்ள வேண்டுமோ அதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். ஃபெபியையும் ரேஷ்மாவையும் பற்றி எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அவர்கள் போட்ட பந்தெல்லாம் யார் கையிலிருந்து வந்தது என்பதைத்தான் எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கடிதத்துக்குக் கடிதம் "ப்ரியாவைக் கேட்டதாகச் சொல்" என்றீர்கள், அவள் ஆடுகிறாளா என்று ஒரு வரி இல்லை.

நீங்கள் தட்டிக்கொண்டு போவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். இருபது வருடமாக ராத்திரிச் சாப்பாட்டில் நான் யாரைப் புகழ்கிறேனோ அவளைத்தான் மறுநாள் அணியில் எடுப்பீர்கள். சொந்தக் கண்ணால் ஒருத்தியையும் பார்த்ததில்லை. ஃபெபிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட என்னிடம் வழி இல்லை, உங்கள் மில்லிடம் இருந்தது. அது நடந்துவிட்டது, எனக்கு சந்தோஷம். நீங்கள் தோற்றீர்கள், அதில் இன்னும் சந்தோஷம். மனசு ஆறிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு வருடமாகக் காத்திருந்த டீ அது, நன்றாகத்தான் இருந்தது.

உங்கள் கடிதத்தை ப்ரியாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "கோப்பைக்குக் கூப்படறாரா, என்னையக் கூப்படறாராம்மா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு பாக்டரி மாடிக்குப் போய்விட்டாள். மெட்டில்டா காத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தாள் கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடிக்கு அடியில் ஒரு வருடமாக இருந்ததை எடுத்து எழுதிவிட்டேன். நீங்களே சீல் வைத்தது, வீணாக்க வேண்டாம். உறையின் மேல் விலாசமும் இந்தத் தடவை நானே எழுதினேன். அந்தப் பெயரை எழுதினால் ஏதோ ஆகிவிடும் என்று சொல்லி வளர்த்தார்கள். எழுதினேன். கரண்ட் போய்விட்டு வந்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை.

சாந்தாமணி

(இணைப்பு)

ஆட்சேபணையின்மைச் சான்று

எங்களோடு இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்த திரு. தரணிதரன் அவர்கள் தம் விருப்பப்படி வெளியே சென்றுள்ளார். அவர் இனி எங்கு வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். எங்களுக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இல்லை.

சாந்தாமணி,
செயலாளர்

ஷண்முகப்ரியா,
அணித் தலைவி