அக்கா ஷெட்

12.11.2008, புதன்

மதியம் பழவேற்காட்டு பாய் ஒருவர் ஷெட்டுக்குக் காரோடு வந்தார். ஸ்டியரிங் முன்னால் எரியும் எஞ்சின் கோளாறு விளக்கு அணையவே இல்லையாம். நான் பானெட்டைத் திறக்கப் போனேன்.

"இரு நைனா. கம்ப்யூட்டர் பாக்குற தங்கச்சி இல்லியா?"

"நானே பாக்குறேன் பாய்."

"அது வரட்டும். நான் டீ குட்ச்சிட்டு வரேன்."

அவர் கேட்டது என் மனைவி செல்வியை. வண்டிக் கோளாறு பார்க்க லேப்டாப் வாங்கியது நான். ஆனால் திரையில் வரும் இங்கிலீஷ் எனக்குப் புரியாது. பன்னிரண்டாவது படித்த அவள்தான் கேபிளைக் காரில் செருகி, கோளாறைப் படித்துச் சொல்வாள். இப்போது பொன்னேரியில் எங்கள் ஷெட்டுக்கே 'அக்கா ஷெட்' என்று பெயர்.

பாய் போனதும் கேபிளைப் பழைய டயர்களுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். சாப்பாட்டுக் கூடையோடு செல்வி வந்தாள்.

"கேபிள் போயிட்ச்சி. தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நேத்து நான்தான்யா அத்த மிதிச்சிட்டேன். நீ திட்டுவியோன்னு பயந்துக்கினு சொல்லல."

பாய் திரும்பி வந்ததும், "அவரே பாத்துடுவாரு பாய், என்னவிட அவருக்குத்தான் வண்டி தெரியும்" என்றாள்.

சாயங்காலம் வரை பார்த்தேன். விளக்கு அணையவில்லை. பாய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேபிளை நாளை எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் எனக்குப் பயந்ததாக அவள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது?