பூத்த வெட்டிரும்பை அராவச் சொல்லி

பழவேற்காடு, விரோதி வருஷம் தை மாதம்.

மலாக்காவில் கப்பல் பட்டறையில் இரும்படிக்கும் சிரஞ்சீவி வரதனுக்கு உன் நைனா தேசப்பன் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மா செல்வம்மாளும், பிள்ளை பெற்று வந்திருக்கும் உன் தங்கை ருக்குவும் சுகம், என் வலது கண் ஒன்று நீங்கலாக. அங்கே உன் இரண்டு கண்ணும் சுகமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

வெட்டிரும்பின் தலை சம்மட்டி அடி வாங்கி வாங்கி விளிம்பு விரிஞ்சு மடங்கினால் அது பூத்திருக்கு, பூத்தால் ராசி, அரம் போட்டால் தொழில் போயிடும்னு உனக்குச் சொன்னவன் நான்தான். எனக்கு யார் சொன்னதுன்னு கேட்காதே, அராவச் சோம்பல்பட்டு நானே கட்டின கதை. புரட்டாசியில் கப்பல் ஆணிக்குக் கம்பி வெட்டும்போது நான் வெட்டிரும்பைப் பிடிக்க, அங்கமுத்து சம்மட்டி போட, அந்தப் பூவில் ஒரு இதழ் தெறித்து நேரே என் கண்ணில் பாய்ந்தது. ருக்கு ஓடிவந்து பிள்ளைப்பால் விட்டாள், பேரனுக்கு அன்றைக்கு அரை வயிறு. திருப்பாலைவனத்து வைத்தியர் பார்த்துவிட்டு, கண்ணில் பூ விழுந்துடுச்சு, இனிமேல் போகாதுன்னார். அங்கமுத்து சும்மா இருப்பானா, இன்னா ஆசாரி, பூத்தா ராசின்னியே, இப்ப கண்ணுலயே பூத்துடுச்சேன்னான். திட்ட வாயெடுத்தவன் சிரிச்சுட்டேன். உன் அம்மா சிரிக்கவில்லை. என் பிள்ளை கப்பல் ஏறும்போது கையில் ஒண்ணு கொடுத்தனுப்பினியே, அது இன்னா ஆச்சுன்னு மட்டும் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து உன் ஓலை வருது. நைனா கொடுத்த வெட்டிரும்பு நன்றாய்ப் பூத்திருக்கிறது, மேஸ்திரி மூணு தரம் ஏசியும் நான் அரம் படவிடவில்லைன்னு பெருமை வேறு. அடே மடையா, ஏரியில் இறங்காதேன்னேன், இறங்கினே. தங்கை கல்யாணத்துக்கு இருந்துட்டுப் போடான்னேன், கப்பல் ஏறினே. பிறந்ததிலிருந்து நான் சொன்னது எதையும் கேட்காதவன், கேட்கக் கூடாத இந்த ஒன்றைப் போய்க் கேட்டிருக்கியே! மரியாதையை என்மேல் வை, இரும்புமேல் வைக்காதே. ஓலையைப் படிச்ச கையோடு எழுந்து போய்ப் பூ முழுசும் அராவு. பக்கத்தில் நிற்கிறவனையும் தள்ளி நிற்கச் சொல்லு. இனி அந்த மேஸ்திரி சொல்வதைக் கேள், அவர்தான் உனக்கு நைனா.

சனிக்கிழமை எண்ணெய் வைக்க மறக்காதே. கண்ணும் கையும் குறையாமல் நூறு வருஷம் இரு.

ஒன்று மறவாதே. அராவிட்டேன்னு எழுதினால் நம்ப மாட்டேன், அந்தப் பொய்யை நான் உன் வயசிலேயே சொன்னவன். அராவின பொடியைத் துணியில் முடிந்து, இந்த ஓலை கொண்டுவரும் ஜலாலுதீன் மரைக்காயர் கையில் கொடுத்தனுப்பு. அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்கிறவரை உன் அம்மா என்னோடு பேச மாட்டாளாம்.

இப்படிக்கு,
ஒற்றைக்கண் நைனா,
தேசப்பன் ஆசாரி.