ஆட்டாத தலை

கிட்கும்,
12 ஜனவரி 2008

என் உயிர்த்தோழி அர்யேமோவுக்கு,

நீயும் மகள் அபேரும் அகதி முகாமை விட்டு ஊருக்கே திரும்பிவிட்டீர்கள் என்று சந்தையில் மீன்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? ஒரு வரி எழுதக் கூடாதா? கன்னியாஸ்திரீகள் பள்ளியில் என் கணக்கைப் பார்த்து எழுதிய கைக்கு எழுத்தே மறந்துபோயிற்றா?

சனிக்கிழமை மாலை வானொலியில் என் நிகழ்ச்சியைக் கேட்கிறாயா? 'ஒரே மர நிழல்'. காட்டில் துப்பாக்கி தூக்கிவிட்டுத் திரும்பியவர்களையும் அவர்களால் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்களையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்கிறோம். நேரடி ஒலிபரப்பு. வாயிலிருந்து வந்தது அப்படியே ஊருக்குப் போகும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒருவன் என் மேசை முன்னால் வந்து நின்றான். கிடேகா. உங்கள் ஊர் ஓடைக்கு அக்கரைக்காரன். சிறுவனாக இருக்கும்போதே கலகக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்களே, அவன்தான். "ஒலாராவைக் கொன்னது நான். அதை அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல்லணும். நீங்க கூப்பிட்டா அவங்க வருவாங்களா?" என்று கேட்டான்.

உன் புருஷன் பெயரை அவன் வாயால் கேட்டதும் அவனை வெளியே அனுப்பத்தான் எழுந்தேன். ஆனாலும் கேட்கிறேன். வருவாயா? நீ பேசவே வேண்டாம். உட்கார்ந்து கேட்டால் போதும். பக்கத்தில் நான் இருக்கிறேன்.

உன் லாலம்


பாடிபே,
19 ஜனவரி 2008

அன்பு லாலம்,

சந்தை லாரிக்காரன் உன் கடிதத்தைக் கொடுத்தான். அதைப் படித்ததில் அடுப்பிலிருந்த எள் முழுவதும் கருகிப்போயிற்று. அபேர் வெறும் களியைத் தின்றுவிட்டு என்னை முறைத்தாள்.

வருகிறேன். ஒரே ஒரு காரியத்துக்காக. ஒலாரா எங்கே கிடக்கிறான், கடைசியில் என்ன சொன்னான் என்று அவனிடம் கேட்க வேண்டும். எலும்பையாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

கொழுந்தன் ஒக்கேனியிடம் சொன்னேன். "போங்க அண்ணி. ஆனா மன்னிச்சேன் கின்னிச்சேன்னு அங்க வாயைத் திறந்துடாதீங்க. அது உங்க கையில இல்ல, என் கையிலயும் இல்ல. குலத்தோட கையில இருக்கு" என்றான். அவன் சொல்வது சரிதான். நீ பட்டணத்துக்காரி ஆகிவிட்டாய், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். எங்கள் குலத்துக்கும் கிடேகா குலத்துக்கும் நடுவில் ஒரு சாவு நிற்கிறது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, இரண்டு பக்கமும் குனிந்து ஒரே சுரைக்குடுக்கையில் ஓபுட் வேரின் கசப்பைக் குடிக்கும்வரை, அவர்கள் அடுப்பில் வெந்தது எங்கள் வாயில் படக்கூடாது. எங்களுடையதும் அவர்கள் வாயில் படக்கூடாது.

அதனால் மன்னித்தாயா என்று மட்டும் என்னைக் கேட்காதே. இதற்குச் சம்மதமென்றால் லாரியில் ஏறுகிறேன்.

அர்யேமோ


கிட்கும்,
4 பிப்ரவரி 2008

என் தங்கமே,

சனிக்கிழமை ராத்திரியே எழுதியிருப்பேன். தொலைபேசி விட்டால்தானே! நிலைய வாசலில் ஆட்கள் கூடி நின்று அழுதார்கள். எங்கள் மேலாளர் ஒலும், சம்பளம் கேட்டால்கூட முகம் மாறாத மனுஷர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பணம் கொடுக்கிற வெள்ளைக்காரர்கள் கம்பாலாவிலிருந்து கூப்பிட்டு, இந்த ஒலிப்பதிவை மற்ற நாடுகளுக்கும் அனுப்பப்போகிறோம் என்றார்கள்.

எல்லாம் உன்னால். நீ தலையாட்டினாய் என்று நான் சொன்னேனே, அந்த நிமிஷம் சந்தைக் கடைக்காரர்கள் கை தட்டினார்களாம்.

பேசாமல் லாரி ஏறிப் போய்விட்டாயே, சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். உனக்காக மலக்குவாங் கீரை ஆக்கி வைத்திருந்தேன். நானே தின்று தீர்த்தேன்.

பெருமையோடு,
லாலம்


பாடிபே,
15 பிப்ரவரி 2008

லாலம்,

நான் தலையாட்டவில்லை.

அது உனக்கே தெரியும். கேட்காதே என்று எழுதியிருந்தேன். நீ கேட்டாய். "அர்யேமோ, இவனை மன்னிக்க உங்க மனசுல இடம் இருக்கா?" என்று, என்னை யாரோ மாதிரி 'உங்க' போட்டுக் கேட்டாய். நான் சும்மா இருந்தேன். ஏன் சும்மா இருந்தேன் என்று நீ யோசித்தாயா? அதற்குச் சற்று முன்புதான் கிடேகா சொல்லியிருந்தான். அஸ்வா ஆற்றுத் துறையில் புளியமரத்தடியில் ஒலாரா கிடக்கிறான். அவன் கடைசியாகச் சொன்னது, "குதிருக்கு மூடி போடாம வந்துட்டேன், மழை வந்துடும்."

அவன் போன அன்றைக்கே அந்த மூடியைப் போட்டுவிட்டேன், லாலம். தானியம் நனையவில்லை. அதை இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் நீ என் தலையை ஆட்டிவிட்டாய். "நேயர்களே, கண்ணீரோடு தலையசைக்கிறார்" என்றாய். எனக்குக் கண்ணீர்கூட வரவில்லை.

அதன் பிறகு இங்கே நடந்ததைக் கேள். மறுநாள் கிடேகாவின் தாய் ஓடையைத் தாண்டி வந்தாள். பாவம், சந்தோஷத்தில் வந்தவள். வானொலியே சொல்லிவிட்டது, பகை தீர்ந்தது என்று நினைத்து, எள் விழுது போட்ட பயறு ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தாள். நான் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அபேருக்குப் பசி. உட்கார்ந்து வழித்துத் தின்றுவிட்டாள்.

ஊரே கூடிவிட்டது. "அண்ணன் எலும்பு காட்டுல கிடக்குது, அவன் மகள் கொன்னவன் வீட்டுச் சோத்தைத் திங்குறா!" என்று ஒக்கேனி கத்தினான். "குலத்தைக் கேக்காம ரேடியோவுல தலையாட்டிட்டு வந்தீங்கல்ல? இனி இந்த நிலத்துல மண்வெட்டி வைக்காதீங்க. ஓடைக்கு அந்தப் பக்கமே போய் உழுதுக்குங்க" என்றான். நான் ஆட்டவில்லை என்றால், "ரேடியோ பொய் சொல்லுமா?" என்கிறான்.

ஏப்ரலில் மழை இறங்கிவிடும். அதற்குள் விதைக்க நிலம் இல்லையென்றால் நானும் அபேரும் திரும்பவும் முகாமுக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் இப்போது ஒருவரும் இல்லை. உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அதே சனிக்கிழமை, அதே நேரம், அதே வாயால், அர்யேமோ தலையாட்டவில்லை என்று சொல். அவ்வளவு போதும்.

அர்யேமோ


கிட்கும்,
10 மார்ச் 2008

அன்பு அர்யேமோ,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். மேலாளரிடமும் காட்டினேன்.

வானொலியில் பேச்சு நின்றுபோனால் என்ன ஆகும் தெரியுமா? கேட்கிறவன் பெட்டி கெட்டுப்போயிற்று என்று முள்ளைத் திருப்பிவிடுவான். நீ சும்மா இருந்தாய். ஒலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பேசு பேசு என்று கையை ஆட்டுகிறார். நீ லேசாகத் தலை குனிந்தாய், எனக்கு ஆட்டியது போலத் தெரிந்தது. சரி, உண்மையில் அப்படித் தெரியவில்லை. ஆட்டினால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. வாய் முந்திக்கொண்டது.

ஆனால் இதைக் கேள். அந்த நிகழ்ச்சியைக் கேட்டு, சூடான் எல்லையில் ஒளிந்திருந்த மூன்று பையன்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். "அந்தம்மா மன்னிச்சாங்கன்னா எங்க ஊரும் எங்களைச் சேத்துக்கும்னு நினைச்சோம்" என்கிறார்கள். இப்போது நான் போய் அது பொய் என்றால் காட்டில் மிச்சமிருப்பவர்கள் வருவார்களா? கிடேகா வீட்டுக் கூரையில் எவனாவது தீ வைக்க மாட்டானா? நீயே சொல்.

ஆனாலும் உன்னை நான் கைவிடவில்லை. விடியற்காலை ஆங்கிலச் செய்தியின் கடைசியில் ஒரு திருத்தம் வாசிக்க வைத்தேன். ஊர்க் கலவரம் வராது, உனக்கும் ஒரு பதிவு ஆயிற்று. இந்த லாரியில் சோப்பும் உப்பும் சர்க்கரையும் அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. ஓபுட் குடிக்கும் நாள் குறித்தால் எனக்குச் சொல். ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறேன். உண்மையான சமாதானத்தை நாடே கேட்கட்டும். அதுவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்.

உன் லாலம்


பாடிபே,
2 ஏப்ரல் 2008

லாலம்,

ஆங்கிலத் திருத்தம் நன்றாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் விழித்திருப்பது சேவல்தான். அதற்கும் ஆங்கிலம் வராது.

மூன்று பையன்கள் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் அவர்களும் ஒருநாள் அவரவர் ஊருக்குப் போவார்கள். அங்கே எவள் தலையும் ஆடியிருக்காது. அப்போது அவர்கள் பக்கத்தில் நீ இருக்க மாட்டாய், ஒலிபரப்பு முடிந்திருக்கும்.

நிலம் கிடைத்துவிட்டது. விதைத்தும் விட்டேன். எப்படி என்று கேட்கிறாயா? கிடேகா வந்தான்.

மாமனைக் கூட்டிக்கொண்டு வந்து, எங்கள் எல்லைக்குள் கால் வைக்காமல், ஓடைக்கரையிலேயே வெயிலில் நின்றான். எங்கள் பெரியவர்கள் யாராவது வராமல் நகர மாட்டேன் என்றான். கடைசியில் ஒக்கேனியும் இரண்டு கிழவர்களும் போனார்கள். பின்னால் நானும் போனேன். "அவங்க தலையாட்டல. நான் எதுக்கத்தான் உக்காந்திருந்தேன். என்ன சொல்லுவாங்களோன்னு அவங்க முகத்தையேதான் பார்த்துட்டிருந்தேன். ஆட்டியிருந்தா எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கும்" என்றான். அவன் மாமன் கையைப் பிடித்து இழுத்தார். "டேய், உனக்கு ஆகாததை நீயே ஏன்டா சொல்ற? ஊரே மன்னிச்சாச்சுன்னு நம்புது, விடேன்!" அவன் கேட்கவில்லை. "மாமா, ஏற்கெனவே அவங்ககிட்டயிருந்து ஒண்ணை எடுத்துட்டேன். இதையும் எடுத்துக்க மாட்டேன்" என்றான்.

ஒக்கேனி வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்து என் வாசலில் வைத்தான். அண்ணி என்று அவன் கூப்பிட்ட குரலில் அழுகை இருந்தது. போன வாரம் இரண்டு குலமும் சேர்ந்து ஆற்றுத் துறைக்குப் போய் ஒலாராவைக் கொண்டுவந்தார்கள். குதிருக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறோம். அறுவடைக்குப் பிறகு ஓபுட். கிடேகாவும் நானும் ஒரே குடுக்கையில் குனிவோம். எனக்குப் பிடித்துச் செய்கிறேன் என்று நினைக்காதே. செய்யலாம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன்.

நீ வராதே. கருவியோடும் வேண்டாம், கருவி இல்லாமலும் வேண்டாம். சோப்பையும் உப்பையும் சர்க்கரையையும் லாரிக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கிழவர்களிடம் ஒன்று கேட்டேன். கொன்றவனோடு திரும்பச் சேர ஒரு வேர் வைத்திருக்கிறீர்களே, கூடப் படித்தவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே நம் வாயை எடுத்துக்கொண்டால் அதற்கு எந்த வேர் என்று. அப்படி ஒரு வேரை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லையாம்.

அர்யேமோ