அப்பாவுக்கும் சிவப்பா?

மரியே வாழ்க

பாளையங்கோட்டை சிறை,
4.8.2025

அன்புள்ள ஜெர்லினுக்கு உன் ரெக்சன் எழுதுவது. நீயும் பிள்ளை ரெனிஷாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே வரும் கடிதமும் போகும் கடிதமும் முதலில் ஓர் ஐயா கையில்தான் பிரிபடும். அதனால் கொஞ்சலெல்லாம் நேரில்.

என் இருமலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் வந்திருந்தார்கள். கேமரா மாதிரி கையில் பிடிக்கிற எக்ஸ்ரே. நின்ற இடத்திலேயே படம் எடுத்தார்கள், சளியையும் சோதித்தார்கள். காசநோயாம். ஆறு மாதம் மாத்திரை விழுங்கினால் போய்விடுமாம். முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்துத்தான் வைத்தியமாம். வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று இவர்களுக்கு முந்தியவர்கள்தான் சென்னையில் காட்டினார்களாம். "அப்பம் என்னையும் வீட்டுக்கு அனுப்புங்கய்யா" என்றேன். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இலங்கைக்குக் கடத்திய பீடி இலை மூட்டைக்குச் சொந்தக்காரர் வீட்டில் தூங்குகிறார். படகை ஓட்டிய நான் தனி அறையில் கிடக்கிறேன். மூச்சு முட்டுகிறது ஜெர்லின், நோயால் மட்டுமல்ல.

உன்
ரெக்சன்

புன்னக்காயல்,
2.9.2025

அன்புள்ள ரெனிஷா அப்பாவுக்கு,

அந்த ஆராய்ச்சி நிலையத்துக் கலைச்செல்வி அக்கா வீட்டுக்கு வந்தார்கள். எங்களுக்கு நோய் இல்லை, மாதாவுக்கு நன்றி. ஆனாலும் வராமல் தடுக்க வாரம் ஒருமுறை மாத்திரை. பயறு, பால்மாவு, எண்ணெய் எல்லாம் ஒரு பையில் தந்தார்கள். நோயாளி வீட்டில் மற்றவர்கள் சத்தாகச் சாப்பிட்டால் அவர்களுக்கு நோய் தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்களாம். "வயிறு நெறஞ்சா நல்லதுன்னு சொல்லவா இம்புட்டுப் படிப்பு?" என்றேன். "எழுதிக் காட்டினாத்தானே பை வருது" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள்.

மாத்திரை போட்ட அன்று ரெனிஷா கழிவறையிலிருந்து "அம்மா, ரத்தம்!" என்று அலறிக்கொண்டு வந்தாள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான் போகும் என்று தேற்றினேன். "அப்பாவுக்கும் சிவப்பா? எழுதிக் கேளு. அப்பந்தான் இனி முழுங்குவேன்" என்கிறாள். மறக்காமல் பதில் எழுதுங்கள்.

அப்பாத்துரை வக்கீலைப் பார்த்தேன். "நோய் அப்படியே இருந்தா கிறிஸ்துமஸுக்குள்ள ஜாமீன் உறுதிம்மா. குணமாயிட்டா கஷ்டம்" என்றார். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

உங்கள்
ஜெர்லின்

பாளையங்கோட்டை சிறை,
19.9.2025

அன்புள்ள ஜெர்லினுக்கு,

பிள்ளையை வீணாகப் பயமுறுத்தாதே. எனக்குச் சிவப்புமில்லை, பச்சையுமில்லை, எப்போதும் போலத்தான். மாத்திரை ஒழுங்காக வாங்குகிறேன். இனி மற்றவர்களுக்குத் தொற்றாது என்று பெரிய அறைக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்துப் படுக்கை மேலப்பாளையம் இர்ஷாத் அண்ணாச்சி. நான் இருமினால் எழுந்து முதுகைத் தடவிவிடுகிறார்.

மாத்திரை தொடங்கிய வாரமே வக்கீல் என்னையும் பார்த்தார். அவர் சொன்னபடி எல்லாம் நடக்கும். கிறிஸ்துமஸ் பாலனுக்குக் குடில் வைக்க நான் வந்துவிடுவேன்.

உன்
ரெக்சன்

புன்னக்காயல்,
6.10.2025

அன்புள்ள ரெனிஷா அப்பாவுக்கு,

உங்கள் பதிலைக் கலைச்செல்வி அக்காவிடம் சொன்னேன். அவர்கள் முகம் மாறிவிட்டது. "அவரு மாத்திரையிலயும் அந்த மாதிரி மருந்துதான் இருக்கு. தெனமும் முழுங்குதவருக்கு நெறம் மாறாம இருக்காதே" என்றார்கள்.

அதனால்தான் சனிக்கிழமை ஓடி வந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் குனிந்து, "கன்னத்துல ஒதுக்கி வச்சுத் துப்பிருதேன். ஜாமீன் வரைக்குந்தானே" என்றீர்கள். கெஞ்சினேன். "இங்கனயே கெடந்து சாவச் சொல்லுதியா?" என்று திரும்பிப் போய்விட்டீர்கள். விட்டு விட்டுச் சாப்பிட்டால் பிறகு எந்த மாத்திரைக்கும் மசியாத நோயாகிவிடுமாம். முதுகைத் தடவுகிற அந்த மனிதருக்கும் அதையா கொடுக்கப் போகிறீர்கள்?

இந்தக் கடிதத்தை முதலில் படிக்கிற ஐயா அவர்களுக்கு வணக்கம். என் கணவர் மாத்திரையை விழுங்குவதில்லை. எதிரில் நின்று வாயைத் திறந்து பாருங்கள். அந்த அறையில் இருக்கும் எல்லாரையும் சோதியுங்கள். அவரைத் தண்டிக்க வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை ஐயா, வீட்டுக்கு வர ஆசைப்பட்டார்.

ரெனிஷா அப்பா, ஜாமீன் போய்விடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். காட்டிக்கொடுத்தவள் என்று என்னைத் திட்டுங்கள். திட்டுவதற்காவது உயிரோடு இருங்கள்.

உங்கள்
ஜெர்லின்

பாளையங்கோட்டை சிறை,
8.12.2025

ஜெர்லினுக்கு,

ஜாமீன் தள்ளுபடி. அதற்குப் பிறகு நீ எழுதிய எதையும் நான் படிக்கவில்லை. நீ பார்க்க வந்தபோதும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபம் இன்னும் தீரவில்லை.

இர்ஷாத் அண்ணாச்சிக்கு நோய் இல்லை. விஷயம் தெரிந்த அன்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். என்னைத் திரும்பத் தனி அறையில் போட்டார்கள். போன வாரம்தான் பெரிய அறைக்கு விட்டார்கள். அண்ணாச்சி தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். "ஒம் பொஞ்சாதி இல்லன்னா நானும் இருமிக்கிட்டுக் கெடப்பேன் வே" என்றார்.

தினமும் காலையில் சின்னப்பிள்ளை மாதிரி வாயைப் பிளந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். வெட்கமாக இருக்கிறது. இருமல் குறைந்திருக்கிறது.

குடிலை நீயே வைத்துவிடு. ரெனிஷா மாத்திரையை விட்டிருக்க மாட்டாள் என்று நம்புகிறேன். அவளிடம் சொல், அப்பாவுக்கும் சிவப்புதான்.

ரெக்சன்