அக்காவுக்கு நஷ்டஈடு கிடைத்துவிட்டது, மாமா

அக்காவைக் கட்டிக்கொண்டு போகும்போது அவள் பின்னாலேயே வந்த என்னையும் சேர்த்துப் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட என் மாமாவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. நஷ்டஈடு அக்கா பேருக்கு ஆகிவிட்டது. இதை உங்களுக்குச் சொல்ல மூன்று வாரமாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நல்ல சேதிதானே மாப்ளே, இதை எழுத என்ன சிரமம் என்று கேட்பீர்கள். கடைசி வரை படியுங்கள், தெரியும்.

ஊர் நீங்கள் விட்டுப்போன மாதிரி இல்லை. உலகச் சண்டை வந்ததிலிருந்து மண்ணெண்ணெய்க்கும் கார்டு, சீனிக்கும் கார்டு. கடத்தூரிலிருந்து மொரப்பூருக்குப் போகும் பஸ் பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓடுகிறது. மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். கேஸுக்காக உங்களை முதுகில் தூக்கிக்கொண்டு மொரப்பூர் ரயில் ஸ்டேஷனுக்குப் போனேனே, அப்போது இந்த பஸ் இருந்திருந்தால் கண்டக்டர் உங்களையும் இறங்கித் தள்ளச் சொல்லியிருப்பான். நீங்களும் சிரித்துக்கொண்டே சரி என்றிருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெண்ணையாற்றுப் பாலத்துக்குத் தூண் நிறுத்த, ஆற்று மணலில் பெரிய பெரிய கிணறுகளைக் கட்டி, அடியில் தோண்டத் தோண்ட அவற்றைக் கீழே இறக்கினார்கள். பாறை குறுக்கிட்டால் கிணறு நின்றுவிடும். அப்போது செம்புக் கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, மேலே இருந்து பம்பு அடித்து அனுப்பும் காற்றை மூச்சாக வாங்கிக்கொண்டு, பத்தாள் ஆழத் தண்ணீருக்குள் ஒருவர் போக வேண்டும். துறைமுகத்தில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவர் நீங்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு அதைப் பழக்கிக் கொடுக்கத்தான் கம்பெனி உங்களை வேலைக்கு வைத்தது.

கயிறு பிடிக்கக் கம்பெனி ஆள் ஒருவன் இருந்தான். நீங்கள் அவனை ஒத்துக்கொள்ளவில்லை. நம் பக்கம் கிணற்றில் இறங்குகிறவன் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பான். தன் அக்காவின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று மச்சினனுக்குத் தெரியுமே. என் மச்சினன் பிடித்தால் இறங்குகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று என்ஜினீயரிடம் நின்றீர்கள். அவர் சிரித்துவிட்டு என் பேரைக் கம்பெனி ஆட்கள் பட்டியலான மஸ்டரில் எழுதச் சொன்னார்.

ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக் கை கால் விழுந்துவிடும், தூக்கும்போது அவசரம் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். பாதித் தூரத்தில் நிறுத்தி, ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரம் விட்டு, அப்புறம்தான் மேலே. இரண்டு இழுப்பு என்றால் கயிற்றைத் தளர்த்து. நான்கு இழுப்பு என்றால் ஆபத்து, தூக்கு. எனக்கு எல்லாம் மனப்பாடம்.

அன்றைக்கு நீங்கள் இறங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேலை பழகுகிற இரண்டு பேர் பம்புப் பக்கம் நின்றார்கள். இரண்டு இழுப்பு வந்தது, கயிற்றைத் தளர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் கிணற்றுத் தண்ணீரில் குமிழி நின்றுபோனது. நீங்கள் கிணற்று விளிம்புக்கு அடியில் நுழைந்து வெளிப்பக்கத்துப் பாறையைப் பெயர்த்துக்கொண்டிருந்தீர்கள், உங்கள் மூச்சுக் குமிழி கிணற்றுக்கு வெளியே ஆற்றில் வந்துகொண்டிருந்தது. தலையைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். நான் திருப்பவில்லை. என் கண்ணுக்கு அக்காவின் வெறுங்கழுத்துதான் தெரிந்தது. ஒரே மூச்சாக இழுத்துவிட்டேன். பாதியில் நிறுத்தவில்லை, எதையும் மென்று முடிக்கவில்லை.

காதிலும் மூக்கிலும் இரத்தத்தோடு வந்தீர்கள். பொழுது சாய்வதற்குள் இரண்டு காலும் மரத்துப்போயின. அப்புறம் நீங்கள் எழுந்து நடக்கவே இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், "நான்தாங்க நாலு தடவை இழுத்தேன். மூச்சு முட்டுச்சு, தூக்கச் சொன்னேன்" என்று சொன்னீர்கள். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கம்பெனி அதையே பிடித்துக்கொண்டது. பம்பில் ஒரு குறையும் இல்லை, மூச்சு முட்டக் காரணமே இல்லை, இந்த ஆள் தானே பயந்துபோய், தான் சொல்லிக்கொடுத்த விதியைத் தானே மீறினான், இதற்கு நஷ்டஈடு எதற்கு என்று கேட்டார்கள். சேலத்துக்கு எத்தனை வாய்தாவுக்கு உங்களைச் சுமந்தேன் என்று எனக்குக் கணக்கில்லை. கடைசியில் தள்ளுபடி. திரும்பி வருகிற ரயிலில் என்னைத்தான் நீங்கள் தேற்றினீர்கள். எனக்கு அன்றைக்கு உங்கள் மேல் கோபம்கூட வந்தது மாமா. ஏன் இவ்வளவு நல்லவராக இருந்து என்னைக் கொல்கிறீர்கள் என்று.

நீங்கள் படுக்கைப்புண்ணோடு போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் காயத்தால்தான் சாவு என்று அக்கா பேரில் புதிதாக மனுப் போடலாம் என்றார் வக்கீல். ஆனால் உங்கள் வாக்குமூலம் காகிதத்தில் கிடக்கிறது, அதை உடைக்க ஆள் இருந்தால்தான் ஆகும் என்றார். உடைக்கிற ஆள் நான், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால் பாதிதான் நிஜம். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்பதுதான் என் பயம்.

சொல்லிவிட்டேன். சேலத்தில், அதிகாரி முன்னால், அக்கா பின்னால் உட்கார்ந்திருக்க, நாலு இழுப்பு வரவே இல்லை, இரண்டுதான் வந்தது, குமிழியைக் காணோம் என்று நானே இழுத்துவிட்டேன் என்றேன். ஏன் நிறுத்தாமல் இழுத்தாய் என்று கேட்டார்.

"எங்கக்கா வூட்டுக்காரருங்க. வேற ஒண்ணும் தோணலீங்க" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தவறு உங்களுடையது இல்லை மாமா, மஸ்டரில் பேர் இருக்கிற நான் கம்பெனி வேலையில் செய்த தவறு, ஆகவே கம்பெனிதான் பொறுப்பு என்று தீர்ப்பாகிவிட்டது. இவ்வளவுதான் மாமா விஷயம். விசாரணையின் முதல் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே கிடைத்திருக்கும். நல்ல வைத்தியம் பார்த்திருக்கலாம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

நான் சாட்சி சொன்ன அன்றைக்கு அக்காவும் நானும் சேலத்திலிருந்து மொரப்பூருக்கு ரயிலில் திரும்பினோம். இறங்கியதும் அக்கா பிளாட்பாரத்தில் நின்றாள்.

"மூணு வருசமா அவரு காலுக்கு எண்ணெய் தேச்சு வுட்டியே, அப்பல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"இனி எனக்குப் பொறந்த வூடு இல்ல" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீங்கள் யாருக்காகப் பொய் சொன்னீர்கள் என்று. இத்தனை நாளும் எனக்காக என்றே நினைத்து உருகிக்கொண்டிருந்தேன், மடையன். அப்பா அம்மா இல்லாத அவளுக்கு, நல்லதுக்கும் கெட்டதுக்கும் போய் நிற்க என் வீடு ஒன்றுதான் இருந்தது. கால் போனாலும் போகட்டும், அது அவளுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள். நான் நிஜத்தைச் சொல்லி நஷ்டஈட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, நீங்கள் காப்பாற்றியதைப் பறித்துவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாமா மாமா? இருந்திருந்தால் அவள் இப்போது எதை வைத்துச் சாப்பிடுவாள்? அலுத்துவிட்டது எனக்கு. கேட்டுக் கேட்டு என் வாயும் ஓய்ந்துவிட்டது.

தீர்ப்பு வந்த பிறகு, இந்த ஆடிக்குச் சீர் கொண்டுபோனேன். புடவை, வெல்லம், தேங்காய், கேழ்வரகு. கூடையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாள்தான் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு தேங்காய்கூடக் குறையவில்லை.

தைப் பொங்கலுக்கும் கொண்டுபோவேன். அடுத்த ஆடிக்கும் போவேன். திருப்பி அனுப்பினால் வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி போவேன். கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பேன். அவள் என்னை மன்னிக்க வேண்டாம், பேசக்கூட வேண்டாம். ஆனால் நான் இருக்கும்வரை, அவளுக்குப் போக ஒரு வீடு இல்லை என்று யாரும் சொல்லும்படி விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
அவள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அவள் தம்பி,
உங்கள் மைத்துனன்