எண்ணெய் வண்ணத்தில் அத்தை

19 ஜனவரி 2025, ஞாயிறு

எட்டு வருஷமாக அக்ரிலிக் பெயின்ட்டிலேயே கை பழகிவிட்டது. பள்ளிக்கூடச் சுவர், அங்கன்வாடிச் சுவர் — யானை, மயில், அ ஆ இ ஈ. பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், மேலேயே அடுத்த பூச்சு. விழுப்புரத்தைச் சுற்றி எந்தப் பள்ளிக்குப் போனாலும் என் மயில் ஒன்று நிற்கும். ஆனால் ஒரு ஆளை எதிரில் உட்கார வைத்து, அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்ததே இல்லை.

முகம் வரைய ஆயில் பெயின்ட்தான் சரி என்று வீடியோவில் சொல்லித்தருகிறவர் சொல்கிறார். பாண்டிச்சேரி போய் ஒன்பது ட்யூப், ஆளிவிதை எண்ணெய், இரண்டு கேன்வாஸ் வாங்கி வந்தேன். இன்று ஒரு அட்டையில், கண்ணாடியைப் பார்த்து என்னையே வரைந்தேன். காயவே மாட்டேன் என்கிறது. கீழே இருந்த நிறம் மேலே ஏறி, மேலே பூசியது கீழே இறங்கி, சாயங்காலம் பார்த்தால் என் முகம் சேறு. என் வீட்டுக்காரர் வல்லரசு எட்டிப் பார்த்துவிட்டு, ஏரியில எறங்கினியா என்று கேட்டார்.

22 ஜனவரி, புதன்

மூன்று நாளாச்சு. தொட்டால் இன்னும் விரலில் ஒட்டுகிறது.

24 ஜனவரி, வெள்ளி

இவருடைய ஊர் காணையிலிருந்து போன். இவருடைய அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. திங்கட்கிழமை இங்கே விழுப்புரத்தில் ஆபரேஷன். அப்புறம் கொஞ்ச நாள் குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து. அங்கே அவர் தனி ஆள். இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்: "இங்க கூட்டிக்கினு வரட்டுமா?"

பதினோரு வருஷம். நான் கிளியனூர் காலனியில் பிறந்தவள் என்பதால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதவர். எங்கள் கல்யாணத்தன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் வாயை இறுக்கிக்கொண்டு நின்று, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனவர்.

கூட்டிக்கினு வாங்க என்றுதான் சொன்னேன். ஏன் சொன்னேன்?

27 ஜனவரி, திங்கள்

வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். "அந்தப் பொண்ண ஃபேன் போடச் சொல்லு" என்று மகனிடம் சொன்னார். அந்தப் பொண்ணு எதிரில்தான் நின்றிருந்தது. போட்டேன்.

29 ஜனவரி, புதன்

மூன்று வேளையும் அத்தைக்கு ஓட்டல் சாப்பாடு. இவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி வந்து வைக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேக்காம இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு யாருக்குத் தெரியும்.

31 ஜனவரி, வெள்ளி

இவருக்குக் காலை ஷிப்ட். மருந்து விடும் நேரம் தாண்டிக்கொண்டே போனது. நான் போடட்டுமா அத்தை என்றேன். கண்ணாடியைக் கழற்றி, தலையைப் பின்னால் சாய்த்தார்.

கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்தேன். அவ்வளவு மெல்லிசு. அவ்வளவு சூடு. ஒரு சொட்டு. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். அவர் அசையவே இல்லை.

இனி தினம் நான்கு வேளை.

2 பிப்ரவரி, ஞாயிறு

அப்படி அசையாமல் உட்கார யாரால் முடியும்? காலையில் கேட்டே விட்டேன், உங்களை வரையட்டுமா என்று. முடியாது என்பார் என்று நினைத்தேன்.

"சும்மாதான குந்திக்கினு கெடக்கறேன். வரைஞ்சிக்கோ."

என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. வீட்டுக்குள் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜன்னலோரம் நாற்காலி போட்டேன். வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் நெடி கண்ணுக்கு ஆகாது. எண்ணெயை மட்டும் வைத்தே சமாளிக்க வேண்டும். பிரஷ் கழுவுவது மொட்டை மாடியில்.

5 பிப்ரவரி, புதன்

தோல் நிறம் என்று ட்யூபில் போட்டிருப்பது ரோஸ் கலர். அது யார் தோலோ. செங்காவி, மஞ்சள் காவி, கொஞ்சம் நீலம். கறுப்பைத் தொடவே இல்லை. அக்ரிலிக் காயும்போது ஒரு மாற்று இருண்டுவிடும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கலக்க வேண்டும். இது வைத்தால் வைத்த நிறம்.

அத்தை கன்னத்துக்குக் கலந்ததைச் சோதிக்க என் மணிக்கட்டில் ஒரு தீற்று இழுத்தேன். எங்கே இழுத்தேன் என்றே தெரியவில்லை. என் தோலோடு போய்விட்டது. அவரிடம் சொல்லவில்லை.

7 பிப்ரவரி, வெள்ளி

ஓட்டல் சாம்பார் வயிற்றை உப்ப வைக்கிறதாம். "கேப்பக் கூழு கரைப்பியா?" என்றார். கரைத்தேன். இரண்டு சொம்பு குடித்தார். இவர் சாயங்காலம் ஓட்டல் பொட்டலத்தோடு வந்து முழித்தார்.

9 பிப்ரவரி, ஞாயிறு

நெற்றி வந்துவிட்டது, கண் வந்துவிட்டது, கழுத்துச் சுருக்கம்கூட. வாய் மட்டும் தப்பு. காலையிலிருந்து மூன்று மணி நேரம் போட்டுப் பார்த்தேன். ஒரு கோடு மாதிரி, கடுகடுவென்று.

அப்புறம்தான் புரிந்தது. நான் எதிரில் பார்க்கவே இல்லை. எதிரில் இருக்கும் வாய் லேசாகத் திறந்திருக்கிறது, ஓரத்தில் ஒரு பல் இல்லை. நான் வரைந்திருப்பது ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல் வாய். இத்தன வருஷமா நானேதான் அத பத்திரமா வச்சிக்கினு இருந்திருக்கேன்.

அக்ரிலிக்காக இருந்தால் இந்நேரம் இறுகியிருக்கும். பழைய துணியால் அழுத்தித் துடைத்தேன். முழுசாக வந்துவிட்டது.

11 பிப்ரவரி, செவ்வாய்

நான் சமையலறையில் இருந்தபோது எழுந்துபோய்ப் படத்தைப் பார்த்திருக்கிறார். வாயை எதற்குத் துடைத்தாய் என்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை. அன்று ஆபீஸ் வாசலில் இருந்த மாதிரியே போட்டுவிட்டேன், அதனால்தான் என்றேன்.

ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"வாயத் தொறந்தா அழுதுடுவேன்னு மூடிக்கினு நின்னேன். கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன், இருந்திச்சி. ஊரு என்னா பேசுமோன்னு பயம், அதுவும் இருந்திச்சி."

எனக்குள்ள என்னமோ அறுந்துது. "எங்கம்மா உங்களுக்கும் சேத்து பூ வாங்கிக்கினு வந்து நின்னாங்க அத்தை. கைய நீட்டிக்கினே நின்னாங்க. நீங்க பாக்கவே இல்ல."

"பாத்தேன்," என்றார். "பாத்துட்டுதான் போனேன்."

இவ்வளவுதான். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் கண்ணில் நீர் இறங்கியது. அழக்கூடாது அத்தை, தையல் போடாத கண்ணு என்று துடைக்கப் போனேன். நீ மட்டும் அழுவுற என்றார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

வாயைப் போட்டேன். ஒரே உட்காரலில் வந்தது. அத்தை கிட்டே வந்து, தள்ளிப்போய், மறுபடி கிட்டே வந்து பார்த்தார். போன பல்லைக்கூட விட்டுவைக்கவில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. மூக்குத்தியை மட்டும் கொஞ்சம் பெரிசாக்கச் சொன்னார். ஆக்கினேன்.

24 பிப்ரவரி, திங்கள்

அத்தை காணைக்குக் கிளம்பிவிட்டார். படம் ஈரமாகவே இருக்கிறது, பஸ்ஸில் எடுத்துப் போக முடியாது. காய்ந்தபின் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். மகனிடம் இல்லை, என்னிடம்.

ஜன்னலோர நாற்காலியை இன்னும் நகர்த்தவில்லை.

12 மார்ச், புதன்

அத்தை போன். இவர் இல்லையே என்றேன். உன்னிடம்தான் பேச வேண்டும் என்றார். கண் நன்றாகத் தெரிகிறதாம், அரிசியில் கல் தெரிகிறதாம். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "உங்கம்மா இப்ப திண்டிவனத்துலதான இருக்காங்க? என்னய ஒரு நாளு கூட்டிக்கினு போ."

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எதற்காம் என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன்.

"வரட்டும். ஆனா பூ கீ வாங்கிக்கினு நிக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

சவுரியம்மாள் பொண்ணுதான் நான். அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

30 மார்ச், ஞாயிறு

திண்டிவனம் போய் வந்தோம், நானும் அத்தையும்.

அம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளே நிலைப்படி ஓரம் நின்றாள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலிலேயே நின்றார். "அன்னிக்குப் பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டேன் சம்பந்தி," என்றார். அந்தக் கடைசிச் சொல்லில் குரல் கொஞ்சம் தடுக்கியது.

சரி, பரவாயில்லை என்றெல்லாம் அம்மா சொல்லவில்லை. கண்ணு ஆபரேஷன் பண்ணினவங்க வெயில்ல நிக்கக்கூடாது, உள்ள வாங்க என்றாள்.

முதல் அரை மணியில் அம்மா இரண்டு தரம் குத்திப் பேசினாள். இரண்டு தரமும் அத்தை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு எப்படியோ முட்டிவலிக்குப் போய், அங்கிருந்து இந்த வருஷம் மல்லாட்டைச் செடியில் கடலை பிடிக்காததற்குப் போய், என் பிடிவாதத்தில் வந்து நின்றது. அதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

அம்மாவை வரையலாம் என்று இரண்டாவது கேன்வாஸையும் வண்ணப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். சாயங்காலம் வரை ஒரு தீற்றுகூடப் போட முடியவில்லை. இரண்டு பேரும் ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தால்தானே.